ஹேமர் பவளம் சுருங்குது, தொட்டி 30 டிகிரி: சில்லர் வாங்கியே ஆகணுமா?

செங்காங்_மணி · மே 11, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருசமா இங்க படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். இப்ப உதவி தேவைப்படுது, அதான் எழுதுறேன்.

தொட்டி இரண்டரை அடி, கீழ சம்ப் (வடிகட்டுற தொட்டி), ரெண்டும் சேர்ந்து 120 லிட்டர் தண்ணி. பிப்ரவரில உப்புக் கலந்து ஆரம்பிச்சேன். ஆறு வாரம் மீன் எதையும் விடாம, கழிவை உடைக்கிற பாக்டீரியா வளரட்டும்னு சைக்கிள் ஓடவிட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகுதான் ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டேன். ஏப்ரல் முதல் வாரம் மூணு தலை ஹேமர் ஒண்ணு, ஜோவா ராக் (பூ மாதிரி சின்னப் பவள உயிர்கள் ஒட்டின கல்) ஒண்ணு, காளான் பவளம் ஒண்ணு வாங்கினேன். மூணு வாரம் அவ்வளவு அழகா இருந்துச்சு. காலைல லைட் எரிஞ்சு ஹேமர் விரியுற நேரம் என் நாலு வயசு மகள் தொட்டி முன்னாடி உட்கார்ந்துதான் பால் குடிப்பா.

இப்ப பத்து நாளா ஹேமர் பாதிதான் விரியுது. ஒரு தலைல சதை ஓரமா விலகி வெள்ளையா எலும்பு தெரியுது. காளானும் சுருங்கிக் கிடக்கு.

வீடு பதினோராவது மாடி, ஹால் மேற்குப் பார்த்தது. மூணு மணிக்கு மேல வெயில் நேரா உள்ள வரும். தொட்டி பகல்ல 30.2, விடியக்காலைல 28.4. ஏப்ரல் 29ஆம் தேதி கண்ணாடி மூடியை எடுத்துட்டு ரெண்டு சின்ன ஃபேன் மாட்டினேன். அதுக்கு முன்னாடி 31 வரைக்கும் போச்சு.

தண்ணி டெஸ்ட்: உப்பு அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.026, ஆல்க் (காரத்தன்மை) 8.3, கால்சியம் 470, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. வாரம் 12 லிட்டர் மாத்துறேன், கடையில விக்கிற கடல் தண்ணி.

புது வீட்டுக் கடன் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம முடியாதுன்னா எப்படியாவது வாங்குறேன். ஆனா சூடுதான் காரணம்னு உறுதியாத் தெரியணும்.


தெம்பனிஸ்_பவளம் · மே 12, காலை 7:10

மணி, அவசரப்பட்டு சில்லர் வாங்காதீங்க. நான் ஆறு வருசமா வெறும் ஃபேன்தான். தொட்டி 28லயிருந்து 28.5க்குள்ள நிக்குது. லெதர், காளான், ரெண்டு ஹேமர், ஒரு டார்ச்னு பவளம் எல்லாம் உயிரோட இருக்கு.

ஃபேன் வேலை செய்யுறது காத்தால இல்ல, ஆவியாதலால. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான சூட்டை எடுத்துட்டுப் போகுது. ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் போச்சுன்னா, இருபத்துநாலு மணி நேரமும் 55 வாட் சூட்டை வெளிய இறைக்கிற மாதிரி. சின்னத் தொட்டிக்கு அது பெரிய விஷயம். நம்ம சிங்கப்பூர் ஈரப்பதத்துல ரெண்டு, ரெண்டரை டிகிரிக்கு மேல எதிர்பார்க்க முடியாதுங்கிறதும் உண்மைதான்.

முதல்ல ஜன்னல் திரையை இறக்குங்க. லைட் எத்தனை மணிக்கு எரியுது? வெயிலும் லைட்டும் ஒரே நேரத்துல விழுந்தா ஃபேன் பாவம் என்ன செய்யும்.


உப்புக்காற்று · மே 12, மதியம் 1:25

தெம்பனிஸ் தம்பி சொல்றதுல பாதியை ஒத்துக்குறேன். ஆனா அவர் வீடு காத்தோட்டமான மூலை வீடு, நான் போய்ப் பார்த்திருக்கேன். மேற்கு வெயில் அடிக்கிற ஹாலுக்கும் அதுக்கும் ஒப்பிட முடியாது.

பதினஞ்சு வருச அனுபவத்துல சொல்றேன். குளிர் நாட்டுல ரீஃப் (பவளத் தொட்டி) வைக்கிறவங்க ஹீட்டருக்குச் செலவழிக்கிறாங்க, நம்ம சில்லருக்குச் செலவழிக்கிறோம். 26, 26.5ல தொட்டி நின்னா ஒரு பம்ப் கெட்டாலும், ஒரு மீன் செத்து மறைவுல கிடந்தாலும் உங்களுக்கு அவகாசம் இருக்கு. 30ல ஓடுற தொட்டிக்கு அவகாசமே கிடையாது. சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடும். ரெண்டு பக்கமும் அடி.

சில்லர் வாங்கினா ஒண்ணு கவனிங்க: அது தண்ணில இருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளதான் ஊதும். கேபினட்டுக்குள்ள பூட்டி வெச்சா தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கிட்டு நாள் முழுக்க நிக்காம ஓடும். ஜன்னல் பக்கமா இருக்கணும்.


தெம்பனிஸ்_பவளம் · மே 12, மாலை 6:40

உப்பு அண்ணே, நீங்க சொல்ற 26 எந்தக் கடலோட கணக்கு? நம்ம தெற்குத் தீவுகளைச் சுத்தி இருக்கிற கடலே வருசத்துல பாதி நாள் 29, 30ல இருக்கு. அங்க பவளம் வளரலையா?


வற்றுக்கடல் · மே 12, இரவு 9:15

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். மீன்தொட்டி வைத்திருப்பதோடு, நீர் வற்றும் நாட்களில் தெற்குத் தீவுகளின் கரைத்திட்டுகளுக்குத் தன்னார்வலராகவும் போய் வருகிறேன்.

நம் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் பதிவாகியுள்ளன. உலகில் உள்ளவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இவ்வளவு சிறிய நாட்டைச் சுற்றி. கடலை நிரப்பி நிலமாக்கியதில் பவளத்திட்டுகளில் பெரும்பகுதியை இழந்த பிறகும் அவை இருக்கின்றன. கலங்கிய நீரிலும், 29, 30 டிகிரியிலும் வாழத் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை அவை. இருந்தாலும் வெப்பம் 31ஐத் தாண்டி வாரக்கணக்கில் நீடிக்கும்போது அவையும் தாங்குவதில்லை. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய வெளிறல் நடந்தது. 2024இல் பச்சையும் பழுப்புமாக நான் பார்த்துப் பழகிய கூட்டங்கள் முழங்கால் ஆழத்தில் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அந்தக் காட்சியை மறக்க முடியவில்லை. ஆக, நம் கடல் 30இல் இருக்கிறது என்பதன் பொருள், அது விளிம்பில் நிற்கிறது என்பதே. மேலும், கடைகளில் விற்கும் ஹேமர்கள் இந்தோனேசியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருபவை. நம் கடலின் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

ஆனால் மணி சொல்லும் அறிகுறி வேறு மாதிரி இருக்கிறது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கைத் தருவது அதுதான். சூடு மிஞ்சும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது நிறம் போகும், சதை இருக்கும். கண்ணாடி போன்ற சதை வழியே எலும்பு வெள்ளையாகத் தெரியும். அதுதான் வெளிறல். உங்கள் ஹேமரில் சதை நிறம் மாறாமல் எலும்பை விட்டு விலகுகிறது என்றால் அது வெளிறல் அல்ல. வேறு ஏதோ ஒன்று அதை வருத்துகிறது. நிறம் எப்படி இருக்கிறது மணி?


செங்காங்_மணி · மே 12, இரவு 10:02

ஐயா, நிறம் அப்படியே இருக்கு. பழுப்பு உடம்பு, பச்சை நுனி. சதைதான் ஓரத்துல இருந்து விலகுது.

தெம்பனிஸ் அண்ணே, லைட் காலைல 11லயிருந்து இரவு 8 வரைக்கும். நாளைக்கு மாத்திடுறேன்.


அலைமகள் · மே 12, இரவு 10:31

மணி தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஃபேன் மாட்டின பிறகு தினமும் தண்ணி குறையும் இல்லையா? குறையுற தண்ணிக்கு எதை ஊத்துறீங்க?


செங்காங்_மணி · மே 12, இரவு 10:38

தினமும் ரெண்டு லிட்டர் குறையுது அக்கா. வாங்கி வெச்சிருக்கிற கடல் தண்ணில இருந்துதான் ஊத்துறேன். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணிதானே?


அலைமகள் · மே 12, இரவு 11:20

கண்டுபிடிச்சாச்சு தம்பி. வருத்தப்படாதீங்க, இதைச் சரிபண்ண முடியும்.

ஆவியாப் போறது நல்ல தண்ணி மட்டும்தான். உப்பு ஒரு கிராம்கூடப் போகாது. நீங்க ரெண்டு லிட்டர் கடல் தண்ணி ஊத்தும்போது ஒவ்வொரு நாளும் புதுசா உப்பு உள்ள வருது. நம்ம கரையோரக் கடல் பொதுவா திறந்த கடலைவிட உப்புக் கம்மி, 31 பிபிடி, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 31 கிராம்னு வெச்சுக்குவோம். ரெண்டு லிட்டர்ல 62 கிராம் உப்பு. 120 லிட்டர்ல அது அரை பிபிடி. பன்னிரண்டு நாள்ல ஆறு பிபிடி. நடுவுல தண்ணி மாத்தினது கொஞ்சம் குறைச்சிருக்கும். என் கணக்குப்படி இப்ப உங்க தொட்டி 39, 40ல இருக்கணும். 35ல இருக்க வேண்டியது.

முதல் ரெண்டு மாசம் ஏன் ஒண்ணும் ஆகலன்னு கேட்பீங்க. அப்ப கண்ணாடி மூடி இருந்துச்சு, கொஞ்சம்தான் ஆவியாச்சு. அதுல ஏறின உப்பை, வாரா வாரம் நீங்க மாத்தின உப்புக் குறைஞ்ச கடல் தண்ணி இறக்கிக்கிட்டே இருந்திருக்கு. மூடியை எடுத்ததும் அந்தச் சமநிலை உடைஞ்சுபோச்சு. ஹேமர் சுருங்கத் தொடங்கினது ஃபேன் மாட்டின ரெண்டு, மூணு நாள்லதான், உங்க தேதிகளையே திரும்பப் பாருங்க.

எனக்குச் சந்தேகம் வந்தது உங்க கால்சியத்தைப் பார்த்துதான். கால்சியம் எதுவும் ஊத்தாத தொட்டில 470 எப்படி வந்துச்சு? உப்பு ஏறும்போது கால்சியமும் கூடவே ஏறும்.

அப்போ ஹைட்ரோமீட்டர் ஏன் 1.026 காட்டுது? ஊசி ஆடுற பிளாஸ்டிக் வகைதானே? அந்த ஊசில காஞ்ச உப்பு படிஞ்சா கனம் கூடி, குறைவாக் காட்டும். யார்கிட்டயாவது ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளியை வெச்சு உப்பு அளக்கிற கருவி) கடன் வாங்குங்க. அதை நல்ல தண்ணில பூஜ்யம் வெச்சா மட்டும் போதாது, 35 பிபிடி திரவத்துல ஒருதடவை சரிபார்க்கணும்.


செங்காங்_மணி · மே 13, இரவு 8:47

அக்கா, வேலையில ஒரு நண்பர்கிட்ட ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 திரவத்துல சரிபார்த்துட்டு அளந்தேன். 40. மூணு தடவை அளந்தேன். 1.030.

ஹைட்ரோமீட்டரை வினிகர்ல ஊற வெச்சுக் கழுவின பிறகு அதுவும் 1.029 காட்டுது.

இவ்வளவு நாளா நானே தினமும் என் கையால ஊத்தியிருக்கேன். மனசு கஷ்டமா இருக்கு. இப்ப எப்படிக் குறைக்கிறது? ஒரே நாள்ல மாத்திடலாமா?


அலைமகள் · மே 13, இரவு 9:30

ஒரே நாள்ல வேண்டாம். ஏறினதும் மெதுவா, இறங்குறதும் மெதுவா இருக்கட்டும். தினமும் தொட்டித் தண்ணி மூணு லிட்டர் எடுத்துட்டு மூணு லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணி (சவ்வுலயும் பிசின்லயும் வடிகட்டின சுத்தத் தண்ணி) ஊத்துங்க. ஒரு நாளைக்கு ஒரு பிபிடி இறங்கும். அஞ்சு நாள்ல 35. ஆவியாகுற ரெண்டு லிட்டருக்குத் தனியா ஆர்ஓ டிஐ தண்ணியே ஊத்தணும். சம்ப்ல ஒரு கோடு போட்டு வெச்சு, தண்ணி அந்தக் கோட்டுக்கு வர்ற வரைக்கும் மட்டும் ஊத்துங்க.

குழாய்த் தண்ணியை நேரா ஊத்தாதீங்க. நமக்குக் குடிக்க அருமையான தண்ணிதான், ஆனா அதுல குளோரமின் இருக்கு, நாள் முழுக்க வாளில வெச்சாலும் குளோரின் மாதிரி பறந்துபோகாது. கார்பன்ல அது உடையும்போது அம்மோனியா வரும், ஆர்ஓ சவ்வு அதை முழுசா நிறுத்தாது, டிஐ பிசின்தான் பிடிக்கும். அதனால டிஐ கட்டம் இல்லாத ஆர்ஓ போதாது. வீட்டுல மாட்டினா கழிவுத் தண்ணியை வாளில பிடிச்சு துணி துவைக்க வெச்சுக்கலாம், எங்க வீட்டுல அப்படித்தான்.

தண்ணி மாத்துறதுக்கு வாங்குற கடல் தண்ணியையும் அளங்க. 31 இருந்தா செயற்கை உப்பு சேர்த்து 35 ஆக்கிட்டு ஊத்துங்க.


உப்புக்காற்று · மே 13, இரவு 10:05

அலைமகள் இருக்கிற இடத்துல நான் சில்லர் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். நல்ல வேளை கேட்டீங்கம்மா.

தம்பி, உப்பு இறங்குற இந்த அஞ்சு நாளும் வேற எதையும் தொடாதீங்க. ஹேமரை இடம் மாத்துறது, மருந்துல முக்குறது, புதுசா எதையாவது ஊத்துறது, ஒண்ணும் வேண்டாம். லைட்டை மட்டும் மாலை 4லயிருந்து இரவு 12க்குத் தள்ளுங்க. அந்த ஒரு மாற்றத்துலயே உச்ச சூடு ஒரு டிகிரி குறைய வாய்ப்பு இருக்கு.


செங்காங்_மணி · மே 16, இரவு 9:12

மூணு நாள் ஆச்சு. உப்பு 37. தொட்டி உச்சம் 29.1. காளான் இன்னைக்கு விரிஞ்சிருக்கு! ஹேமர்ல ரெண்டு தலை கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. மூணாவது தலை போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஜோவா ராக்ல பழுப்பா, கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன பூ முளைச்சிருக்கு. ஐப்டேசியா, களை மாதிரி பரவுற கடல் பூன்னு நண்பர் சொன்னார். அந்த ராக்கை வெளிய எடுத்து சுடுதண்ணி ஊத்திக் கழுவினா செத்துடும், ஜோவா திரும்ப முளைச்சுக்கும்னு சொல்றார். செய்யலாமா?


உப்புக்காற்று · மே 16, இரவு 9:20

மணி, செய்யாதீங்க. இதைப் படிச்ச உடனே ஒரு வரி பதில் போடுங்க, படிச்சீங்கன்னு எனக்குத் தெரியணும்.

ஜோவாலயும் அதோட சொந்தக்கார பாலிதோவாலயும் பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கலாம். உயிரினங்கள் உண்டாக்குற விஷங்கள்லயே மிகக் கொடியதுல அது ஒண்ணு. எந்த ஜோவால எவ்வளவு இருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. கொதிக்க வெச்சாலும் அழியாது, ஆவியோட காத்துல ஏறி மூச்சுல போகும். ராக்கைக் கொதிக்க வெச்சு வீட்டுல இருந்த எல்லாரும், நாய் உட்பட, ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகள்ல நடந்திருக்கு. காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல். கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. உங்க வீட்டுல நாலு வயசுக் குழந்தை இருக்கு.

சுடுதண்ணி கூடாது, பிரஷ் வெச்சுத் தேய்க்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடாது. ஜோவாவைத் தொடும்போது கையுறை, கண்ணாடி ரெண்டும் போடணும். கையில வெட்டு இருந்தா அன்னைக்குத் தொட்டிக்குள்ள கை விடாதீங்க. தொட்ட பிறகு உடம்பு ஏதாவது வித்தியாசமா இருந்தா நேரா அவசரப் பிரிவுக்குப் போய், பவளத்தைத் தொட்டேன், பாலிடாக்சினா இருக்கலாம்னு வாயால சொல்லணும். டாக்டருக்கு அது தானாத் தோணாது.


செங்காங்_மணி · மே 16, இரவு 9:24

படிச்சுட்டேன் அண்ணே. தொடவே இல்ல. ராக் தொட்டிலயே இருக்கு. நண்பருக்கும் இப்பவே போன் பண்ணிச் சொல்றேன்.


அலைமகள் · மே 16, இரவு 10:10

ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்புதான் மருந்து. பிச்சு எடுக்கப் பார்த்தா அடியில ஒட்டியிருக்கிற துணுக்கு ஒவ்வொண்ணும் புதுச் செடி மாதிரி முளைக்கும், அதனால பிய்க்கக் கூடாது. கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை ஆர்ஓ தண்ணில தயிர் பதத்துக்குக் குழைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, பம்ப் எல்லாத்தையும் நிறுத்திட்டு, அதோட வாய் மேல மெதுவா விடுங்க. சாப்பாடுன்னு நினைச்சு உள்ள இழுத்துக்கும். பத்து நிமிசம் கழிச்சு பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு போதும், நிறைய விட்டா பிஎச் ஏறிடும். ஜோவா மேல படாம விடணும். பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், ஆனா எல்லா இறாலும் தின்னும்னு உறுதி இல்ல.


பொங்கோல்_பாண்டி · மே 17, காலை 8:33

அலைமகள் அக்கா, தேக்காவுல வெத்தலைக்கு விக்கிற சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதானே? அதையே பயன்படுத்தலாமா?


அலைமகள் · மே 17, மதியம் 12:50

பொருள் ஒண்ணுதான் பாண்டி. என் பாட்டி சிப்பிச் சுண்ணாம்பைத் தண்ணில கரைச்சுத் தெளிய வைப்பாங்க. மேல நிக்கிற தெளிவுதான், ரீஃப் வைக்கிறவங்க கால்க்வாஸர்னு சொல்றது. ஜெர்மன் சொல், அர்த்தமே சுண்ணாம்புத் தண்ணி. முதல்தடவை இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.

ஆனா கடைச் சுண்ணாம்பு வேண்டாம். அதுல என்ன கலந்திருக்கு, எந்தக் கல்லுல சுட்டதுன்னு தெரியாது. நிறத்துக்கும் மணத்துக்கும் ஏதாவது சேர்த்திருக்கலாம். உணவுத் தரமுள்ள சுத்தமான தூள் விலை அதிகம் இல்ல. லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும், மிச்சம் அடியில தங்கும். தெளிவை மட்டும், ஆவியாகுற தண்ணிக்குப் பதிலா, இரவுல சொட்டுச் சொட்டா விட்டா ஆல்க், கால்சியம், பிஎச் மூணையும் தாங்கும். ஒரேயடியா ஊத்துறது ஆபத்து, அதோட பிஎச் 12க்கு மேல. மணி, உங்களுக்கு இப்ப இது தேவையில்ல. மூணு பவளம் தின்னுற ஆல்க்கை வாராந்திரத் தண்ணி மாத்தமே ஈடுகட்டும்.


கிளமெண்டி_ரீஃப் · மே 17, இரவு 11:05

குறுக்க கேக்குறதுக்கு மன்னிக்கணும். என் தொட்டி படுக்கையறைல. ஏர்கான் போட்டுக் கதவை மூடிப் படுப்போம், அதனால சூடு பிரச்சினை இல்ல. ஆனா விடியக்காலைல பிஎச் 7.7 காட்டுது. ஆல்க் 8.5, அது சரியாத்தான் இருக்கு. பிஎச் ஏத்துற மருந்து ஊத்தினா அன்னைக்கு ஏறி மறுநாள் இறங்கிடுது.


அலைமகள் · மே 18, காலை 6:55

மருந்தை நிறுத்துங்க. அது ஆல்க்கைத்தான் ஏத்தும். உங்க பிரச்சினை தண்ணில இல்ல, அறைக் காத்துல. மூடின அறைல ரெண்டு மூணு பேர் இரவெல்லாம் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போகும். சாதாரண வீட்டு ஏர்கான் உள்ள இருக்கிற காத்தையே சுத்த வைக்கும், வெளிக்காத்தைக் கொண்டுவராது. நுரையில கழிவை எடுக்கிற ஸ்கிம்மர் அந்தக் காத்தை இழுத்துத் தண்ணில கலக்கிக்கிட்டே இருக்கு. பள்ளிக்கூடத்துல சுண்ணாம்புத் தண்ணில குழாய் வெச்சு ஊதினா பால் மாதிரி ஆகுமே, அதே மூச்சுதான் இங்க அமிலம் ஆகுது. ஸ்கிம்மரோட காத்துக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளிய விடுங்க. சம்ப்ல கீட்டோ பாசி வெச்சு இரவுல மட்டும் அதுக்கு லைட் போட்டாலும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. டெங்கிக்காக உங்க பேட்டைல புகை அடிக்கிற அன்னைக்கு அந்தக் குழாயை உள்ள இழுத்துட்டு ஜன்னலைச் சாத்திடுங்க. கொசு மருந்து இறாலையும் நண்டையும் முதல்ல கொல்லும். அதே மாதிரி, ஆவியானதை ஈடுகட்டுற டாப்அப் தண்ணித் தொட்டிக்கு இறுக்கமா மூடி போட்டிருக்கணும். உப்புத் தொட்டில ஏடிஸ் வராது, பக்கத்துல இருக்கிற நல்ல தண்ணி வாளில வரும்.


செங்காங்_மணி · மே 25, இரவு 10:18

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். உப்பு 35ல நிக்குது. லைட் நேரம் மாத்தி, திரை போட்டு, ஃபேனுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டின பிறகு 27.9லயிருந்து 28.6க்குள்ள இருக்கு. ஹேமர் ரெண்டு தலையும் முழுசா விரியுது. மூணாவது தலை வெறும் எலும்பு.

நண்பர் ஒருத்தர் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் குடும்பத்தோட போறார். கரையில கிடக்கிற செத்த பவளக் கல் நல்ல ஓட்டை ஓட்டையா இருக்கும், ரெண்டு கல் எடுத்துட்டு வரவான்னு கேட்டார். எனக்குச் சரியாப் படல, அதான் கேக்குறேன்.


வற்றுக்கடல் · மே 26, காலை 7:40

உங்களுக்குச் சரியாகப் படாதது நியாயம்தான் மணி. எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. செத்த பவளமும் அதில் அடங்கும். கடைகளுக்கு வருபவை அனுமதிச் சான்றோடு இறக்குமதியாக வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், அந்தச் செத்த கல் செத்ததாக இல்லை. போன மாதம் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். அடியில் ஒரு நண்டு, இரண்டு நொறுங்கு நட்சத்திர மீன், ஒரு தட்டைப்புழு, யாருடையதோ முட்டைக் கொத்து. புதிய பவளக் குஞ்சு வந்து ஒட்டுவதும் அந்த மாதிரிக் கல்லில்தான்.

2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நம் கடலில் நடும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது பத்து ஆண்டுகள் ஆகும் வேலை. ஒவ்வொரு துண்டாக வளர்த்து, முக்குளித்து, கையால் பொருத்துகிறார்கள். அதே கடலிலிருந்து நாம் கல்லை வீட்டுக்குத் தூக்கி வரலாமா? தொட்டிக்குச் செயற்கைக் கல் போதும். பவளம் வேண்டுமென்றால் இங்கே யாரிடமாவது ஃபிராக் கேளுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்ந்து, வெட்டிக் கொடுத்த துண்டு உங்கள் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும்.


தெம்பனிஸ்_பவளம் · மே 26, மதியம் 2:15

என்கிட்ட பச்சை லெதர் வெட்டி ஒட்டினது மூணு இருக்கு. மணி, ஒண்ணு உங்களுக்கு. காசு வேண்டாம். வெட்டின காயம் முழுசா ஆறட்டும், ரெண்டு வாரம் கழிச்சு வந்து எடுத்துக்குங்க.


செங்காங்_மணி · மே 27, இரவு 9:50

ரொம்ப நன்றி அண்ணே. ஆனா ஜூன் 6ஆம் தேதி ஊருக்குப் போறோம், திருவாரூர்ல தங்கை கல்யாணம். மூணு வாரம். திரும்பி வந்து வாங்கிக்குறேன்.

அந்த மூணு வாரத்தை நினைச்சாத்தான் தூக்கம் வரல. ஆட்டோ டாப்அப் வாங்கிட்டேன். நாளைக்கு ரெண்டு லிட்டர்னா 42 லிட்டர் வேணும், என் வாளி 20 லிட்டர்தான். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டச் சாவி கொடுக்கலாம்னு இருக்கேன்.


பொங்கோல்_பாண்டி · மே 27, இரவு 11:30

மணி அண்ணே, நான் மூணு வருசம் முன்னாடி தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப நடந்ததைச் சொல்றேன். மீன் உணவு டப்பாவை அப்படியே ஒருத்தர்கிட்டக் கொடுத்துட்டுப் போனேன். மீன்கள் கண்ணாடிகிட்ட வந்து ஆடினதும் பசிக்குதுன்னு நினைச்சு, அவங்க ஒவ்வொரு தடவையும் போட்டிருக்காங்க. அன்பாலதான் செஞ்சாங்க. பதினோராம் நாள் படம் அனுப்பினாங்க, தண்ணி பால் மாதிரி இருந்துச்சு. நான் விமான டிக்கெட் மாத்தி வர்றதுக்குள்ள ஒரு மீனும் மிஞ்சல. நாலு வருசத் தொட்டி. அதுக்கப்புறம் எட்டு மாசம் காலித் தொட்டியைத் திரும்பிப் பார்க்கவே முடியல.

அதனால டப்பாவைக் கொடுக்காதீங்க. மாத்திரை போடுற வாரப் பெட்டி இருக்கே, அதுல நாளுக்கு ஒரு கட்டம் அளந்து போட்டுட்டு மிச்சத்தைப் பூட்டி வைங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலே கோமாளிக்குப் போதும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் புதுசா எதையும் தொட்டில விடாதீங்க, எதையும் மாத்தாதீங்க.

நான் இருக்கிறது உங்க வீட்டுக்குப் பக்கத்துலதான். மூணு நாளைக்கு ஒருதடவை நான் வர்றேன். டாப்அப் வாளி, ஸ்கிம்மர் கப், உப்பு அளவு எல்லாம் நான் பார்த்துக்குறேன். ஆன்ட்டி தினமும் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினா போதும்.


உப்புக்காற்று · மே 28, காலை 9:05

பழைய சில்லர் ஒண்ணு என் ஸ்டோர்ரூம்ல சும்மா கிடக்கு. சின்னதுதான், 120 லிட்டருக்குத் தாராளம். ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து மாட்டிக் கொடுக்குறேன், நீங்க வர்ற வரைக்கும் ஓடட்டும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரி மட்டும் இறக்கி 27ல நிறுத்துவோம். ஃபேனைக் கழட்டாதீங்க, அதை 28.5ல எரியுற மாதிரி வெச்சுடுவோம். சில்லர் நின்னா ஃபேன் பிடிச்சுக்கும். ஆளில்லாத வீட்டுல ரெண்டு தடுப்பு இருக்கணும்.


பொங்கோல்_பாண்டி · ஜூன் 12, இரவு 8:20

மணி அண்ணே, கல்யாணம் நல்லா நடந்திருக்கும்னு நம்புறேன். இன்னைக்கு ரெண்டாவது தடவை வந்தேன். 27.1, உப்பு 35, ஆல்க் 8.1. சில்லர் போட்டதால ஆவியாதல் குறைஞ்சிருக்கு, ஆறு நாள்ல ஏழு லிட்டர்தான் போயிருக்கு. ஐப்டேசியா புதுசா ரெண்டு கண்ணுல பட்டுச்சு, நான் தொடல, நீங்க வந்து சுண்ணாம்பு வைங்க.

ஹேமரோட ரெண்டு தலையும் கைப்பிடி அளவு விரிஞ்சிருக்கு. செத்துட்டதாச் சொன்னீங்களே மூணாவது தலை, அதோட அடிப்பக்கத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மிளகு அளவுல பச்சையா ஒரு மொட்டு இருக்கு. படம் இணைச்சிருக்கேன், பாப்பாகிட்டக் காட்டுங்க. அந்த எலும்பை வெட்டிடாதீங்க.

அப்புறம், கோமாளி ரெண்டுல ஒண்ணு நல்லா பெருசாயிருக்கு, சின்னது அது முன்னாடி உடம்பை நடுக்கிக் காட்டுது. பெருசு பெண்ணா மாறிக்கிட்டு இருக்கு. பாப்பா அதுக்குத்தான் தம்பின்னு பேர் வெச்சிருக்கான்னு ஆன்ட்டி சொன்னாங்க. நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க. அடுத்து ஞாயித்துக்கிழமை வர்றேன்.